ஆயில் ஒழுகுதா? முதல்ல பவுடர் போடுங்க

பழைய புல்லட்டுக்கு அடியில ஆயில் சொட்டுதா? கேஸ்கெட் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற. பித்தப்பையில கல் இருந்தா சிலருக்கு வலது தோள்பட்டை வலிக்கும். தோள்ல ஊசி போட்டு என்ன பிரயோஜனம்? அதே மாதிரிதான், ஹெட்ல கசியுற ஆயில் காத்துல பின்னால ஓடி கியர்பாக்ஸ் அடியில சொட்டும். பின் டயர்ல பட்டா உங்களை எங்க கேஷுவாலிட்டிலதான் பாக்கணும்.

சூடு ஆறினப்புறம் இன்ஜினை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. நல்லா காயட்டும். முகப்பவுடரைத் தூவி, நின்ன இடத்துலயே ஓடவிடுங்க. (பவுடர் டப்பா காலியானதுக்கு வீட்ல திட்டுவாங்க, அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை.) ஈரம் முதல்ல எங்க தெரியுதுன்னு மேலிருந்து பாருங்க.

எல்லா ஜாயின்ட்லயும் கசியுதா? ப்ரீதர் குழாயைப் பாருங்க. பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸ் காத்து வெளியே போகணும். அடைச்சிருந்தா அழுத்தம் ஏறி, கிடைச்ச சந்துல ஆயிலைத் தள்ளிடும். இதுக்கு மேல சிலிக்கான் பசையை அப்புறது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாம பாராசிட்டமால் கொடுக்கிற வேலை.

என் வண்டிக்கு மூணு தடவை கேஸ்கெட் மாத்தினேன். கடைசியில ப்ரீதர் குழாய்க்குள்ள இருந்தது குளவிக்கூடு.