திரைச்சீலைக்குப் பின்னால் யார்?

வில்லன் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவர் யார்? உள்ளங்கைகளைப் பிசைந்துகொண்டு, உருட்டி விழித்து, இடிச்சிரிப்புச் சிரித்தபடி மாடிப்படியில் இறங்கி வரும் ஒருவர். அவர் வாய் திறக்குமுன்பே பின்னணி இசை நம்மை எச்சரித்துவிடும். இத்தகைய வில்லனைக் கண்டு நாம் உண்மையில் அஞ்சுவதில்லை. அவர் இன்னார் என்பது நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது அல்லவா?

இவ்வாண்டு நாங்கள் கண்ட வில்லனோ வேறு வகையைச் சேர்ந்தவன். உயிரோடு இருக்கும் வரையில் படத்தில் அவன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. மனநோய் மருத்துவமனையில் ஓர் அறையில் அமர்ந்து, தாள் தாளாக எழுதிக்கொண்டே இருக்கிறான். கதையின் நடுவிலேயே இறந்தும்போகிறான். ஆனால் வெளியே குற்றங்கள் மட்டும் நின்றபாடில்லை!

அவன் பெயர் டாக்டர் மபூசே. படத்தின் பெயர் ‘டாக்டர் மபூசேயின் உயில்’. 1933-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் என்பவர் இயக்கிய பேசும் படம்.

இப்படத்தை நாங்கள் பார்க்க நேர்ந்தது எங்கள் வரலாற்றுப் பாடத்தினால்தான். ஹிட்லரைப் பற்றிப் படித்த அன்று, “படித்தவர்களும் நல்லவர்களும் நிறைந்த நாட்டில் இத்தனை பேர் எப்படி அவன் பின்னால் போனார்கள், சிஸ்டர்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சிஸ்டர் உடனே விடை கூறவில்லை. ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் எங்களை அரங்கில் உட்கார வைத்து இப்படத்தைப் போட்டுக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம், புரியாத மொழி, கீழே ஆங்கில எழுத்துகள். முதற்காட்சியில் பேச்சே இல்லை. ஓர் இயந்திரத்தின் பேரிரைச்சல்தான். எங்களுள் சிலர் கொட்டாவி விட்டதை மறைப்பதற்கில்லை. ஆனால் கால் மணி நேரத்தில் அரங்கம் அமைதியாகிவிட்டது.

மபூசே இப்படத்தில் புதிதாகப் பிறந்தவன் அல்லன். 1922-இல் இதே இயக்குநர் ‘டாக்டர் மபூசே, சூதாடி’ என்ற பேசாப்படத்தை இரண்டு பாகங்களாக எடுத்திருந்தார். இரண்டு படங்களிலும் மபூசேயாக நடித்தவர் ருடால்ஃப் கிளைன்-ரோகே. முதற்படத்தில் அவன் மாறுவேடங்களில் திரிகிறான்; எதிரில் இருப்பவரைப் பார்வையாலேயே மயக்கிச் சூதாட்டத்தில் தோற்கடிக்கிறான்; ஒரு வணிக ஒப்பந்தத்தைத் திருடச் செய்து பங்குச் சந்தையையே ஆட்டிவைக்கிறான். அவனுடைய கள்ளநோட்டுகளை எண்ணுபவர்கள் பார்வையற்றவர்கள்! ஜெர்மனியில் அப்போது பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அப்படிப்பட்ட நாட்டு மக்கள், ‘இதற்கெல்லாம் பின்னால் எவனோ ஒருவன் இருக்கிறான்’ என்ற கதையை ஆவலோடு பார்த்ததில் வியப்பில்லை.

இரண்டாம் படம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. நகரில் ஒரு குற்றக் கூட்டம் இயங்குகிறது. கூட்டத்தினர் யாரும் தங்கள் தலைவனின் முகத்தைக் கண்டதில்லை. ஓர் அறையில் திரைச்சீலை தொங்குகிறது. அதற்குப் பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும் நிழல். அங்கிருந்து ஒரு குரல் கட்டளையிடுகிறது. அவ்வளவே! கொள்ளையும் கொலையும் உடனே நிறைவேறுகின்றன. ஆதாயத்துக்காகக்கூட அல்ல, மக்களை அச்சத்தில் ஆழ்த்திக் குற்றத்தின் ஆட்சியை நிறுவ வேண்டும் என்பதே திட்டம்.

கூட்டத்தில் கென்ட் என்றோர் இளைஞன். சிறை சென்று மீண்டவன். வேலை கிடைக்காமல் இதில் வந்து சேர்ந்தவன். கொலை செய்ய மனம் ஒப்பாமல் விலக நினைக்கிறான். அவனையும் அவன் அன்பு கொண்ட லில்லி என்ற பெண்ணையும் அதே அறையில் பூட்டிவிடுகிறார்கள். “இந்த அறையை விட்டு நீங்கள் உயிரோடு போகமாட்டீர்கள்” என்கிறது குரல். அப்போதுதான் அவன் அதுவரை ஒருவரும் செய்யாத செயலைச் செய்கிறான். திரைச்சீலையை நோக்கிச் சுட்டுவிட்டு, அதை விலக்கிப் பார்க்கிறான். அங்கே மனிதனே இல்லை! மனித வடிவில் வெட்டி வைத்த ஓர் உருவமும் ஓர் ஒலிபெருக்கியுமே இருக்கின்றன.

அந்தக் குரலை இயக்கியவர் யார்? மபூசேக்கு வைத்தியம் பார்த்த பேராசிரியர் பாம்தான்! நோயாளி எழுதிக் குவித்த தாள்களைப் படித்துப் படித்து, அவரே மபூசேயாக மாறிவிட்டார். அவருடைய அறைக் கதவின் கைப்பிடியைத் திருப்பினால், “தொந்தரவு செய்யாதீர்கள்” என்று உள்ளிருந்து அவர் குரல் கேட்கும். உண்மையில் அது ஓர் இசைத்தட்டு. அறை காலி.

இப்போது எங்கள் கருத்தைக் கூறுகிறோம். மபூசே மாபெரும் மூளைக்காரன் என்று படம் பார்ப்பவர் வியக்கலாம். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை. ஓர் ஒலிபெருக்கிக்குக் கொலை செய்யத் தெரியாது. ஓர் இசைத்தட்டுக்குத் திருடத் தெரியாது. மறைந்திருப்பவனின் வலிமை அவனிடத்தில் இல்லை. திரைச்சீலையை விலக்கிப் பாராமல் கட்டளையை நிறைவேற்றுகிறவர்களின் கைகளில்தான் இருக்கிறது.

இதை நாங்கள் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூலை மாதம் எங்கள் வகுப்பில் ஒரு துண்டுச்சீட்டு உலவியது. தேர்வில் இருவர் பார்த்து எழுதியதை டீச்சரிடம் சொல்லிக்கொடுத்தவள் இன்னாள் என்றும், அவளோடு யாரும் பேசக்கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. பதினொரு நாள்கள் அவள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து மதிய உணவு உண்டாள். பிறகுதான் தெரிந்தது, ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது. இரண்டு விடைத்தாள்களிலும் ஒரே தவறு ஒரே இடத்தில் இருந்ததை டீச்சரே கண்டுபிடித்திருந்தார். சீட்டை எழுதியவள் ஒருத்தி. அதை நிறைவேற்றியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். சொன்னது யாராயினும் சொன்னதில் உண்மை உண்டா என்று பார்க்கச் சொல்லும் குறளை நாங்கள் மனப்பாடமாக ஒப்பித்தது அதே மாதத்தில்தான்!

படம் முடிந்ததும், “யார் வில்லன்?” என்று கேட்டார் சிஸ்டர். மபூசே என்றனர் சிலர். பேராசிரியர் என்றனர் சிலர். கடைசி வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள். “எனக்கும் சீட்டு எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது, சிஸ்டர். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவர்கள் முகங்கள்தாம்” என்றாள். அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. அன்று மாலை நாங்கள் ஒவ்வொருவராக அவளிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் மன்னித்தாள். ஆனால் அந்தப் பதினொரு நாள்களை எங்களால் திருப்பித் தர முடியுமா?

கீழ்ப்படிதல் நற்பண்பு என்றுதானே நம் பள்ளி கற்பிக்கிறது என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அம்மாவோ ஆசிரியையோ ஒன்றைச் செய்யச் சொல்லும்போது அவர் முகம் நமக்குத் தெரிகிறது. “ஏன்?” என்று பணிவோடு கேட்கலாம். தவறு நேர்ந்தால் அவர் பொறுப்பேற்பார். முகமற்ற குரலோ எதற்கும் பொறுப்பேற்பதில்லை. அதற்குப் பணிவது கீழ்ப்படிதல் ஆகாது. நம் மனச்சாட்சியை இரவல் கொடுப்பதாகும்.

குற்றப்படம் மாணவிகளுக்கு எதற்கு என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். இப்படத்தின் வரலாறே அதற்கு விடை கூறும். ஹிட்லர் 1933 ஜனவரி 30 அன்று பதவி ஏற்றான். மார்ச் மாதத்தில், பொது அமைதிக்கு ஆபத்து என்று சொல்லி அவன் அரசு இப்படத்தைத் தடை செய்தது. ஏப்ரல் மாதம் அயல்நாடான ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில்தான் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. லாங் நாட்டை விட்டு வெளியேறி, பாரிஸ் வழியாக அமெரிக்கா சென்றார். நாஜிகளின் முழக்கங்களையே குற்றவாளிகளின் வாயில் வைத்ததாக அவர் 1943-இல் கூறினார். திரைக்கதை எழுதிய தேயா ஃபான் ஹார்பௌ, அப்போது அவருடைய மனைவி, பின்னாளில் நாஜிக் கட்சியைச் சேர்ந்தவர். ஆகவே லாங் சொன்னதை அப்படியே ஏற்காதவர்களும் உண்டு. எது எப்படியிருப்பினும், திரைச்சீலையை விலக்கிக் காட்டும் ஒரு படத்தை அந்த அரசு விரும்பவில்லை என்பது மட்டும் உறுதி.

லாங் 1960-இல் எடுத்த கடைசிப் படமும் மபூசேயைப் பற்றியதே. அதில் ஒரு விடுதியின் அறைகளிலெல்லாம் மறைவான கேமராக்கள்! இன்றோ திரைச்சீலையும் வேண்டியதில்லை, ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை. வீட்டுக் கைப்பேசியில் பெயர் தெரியாத எவரோ அனுப்பிய செய்தி வருகிறது. ஒருவரைத் திருடன் என்கிறது, ஒருத்தியைக் கெட்டவள் என்கிறது. படித்த கையோடு பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். “நானா சொன்னேன்? வந்ததை அனுப்பினேன்” என்கிறோம். மபூசேயின் ஆட்கள் பேச வேண்டிய வசனம் அல்லவா இது?

அன்புத் தோழியரே, எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. யாரேனும் “எல்லாரும் சொல்கிறார்கள்” என்று தொடங்கினால், “யார் சொன்னார்?” என்று கேட்கிறோம். பெரும்பாலும் விடை வருவதில்லை. பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. முதன்முதலில் அப்படிக் கேட்கத் தொடங்கியவள், வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த அந்தத் தோழிதான்.

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி