ஓடாத நிரலைவிட ஓடும் நிரலே ஆபத்தானது

பழைய பைத்தான் லைப்ரரி ஒன்றைப் புதிய பதிப்பில் இயக்க வேண்டிய ஆய்வு மாணவருக்கு ஆய்வகங்களில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "பிழைச் செய்தி நிற்கும்வரை திருத்து, ஓடிவிட்டால் போதும்." ஆய்வுநெறிக்கு இதைவிட முரணான அறிவுரை இருக்க முடியாது.

பைத்தான் இரண்டில் 7/2 என்பதன் விடை 3. பைத்தான் மூன்றில் 3.5. ரவுண்ட் செயற்கூறு 2.5ஐ முன்னதில் 3 ஆக்கும். பின்னதில் 2 ஆக்கும். பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லையென்றால் புதிய பதிப்பு உடனே நின்றுவிடும். வகுத்தலின் விடை மாறினாலோ அது வாய் திறப்பதில்லை. நிரலை மாற்றித்தர உருவாக்கப்பட்ட '2டு3' கருவியும் வகுத்தல் குறியைத் தொடுவதில்லை. வகுபடுவது முழு எண்ணா தசம எண்ணா என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். ஆக, சராசரி மாறலாம், வரைபடம் மாறலாம், முடிவுரையே மாறலாம். எச்சரிக்கை மட்டும் வராது.

மொழியை உருவாக்கியவர்கள்மீது பழிபோடுவது எளிது. ஆனால், பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். இரண்டுக்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1இல். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஒருவர் பட்டம் பெற்றுத் தாமே நெறியாளராவதற்குப் போதுமான காலம் அது. அத்தனை ஆண்டுகளிலும் லைப்ரரியைப் பேணுவதை ஆய்வுப்பணியாக மதிக்க நம் துறைகள் முன்வரவில்லை. கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. அக்கட்டுரையின் எண்களைக் கணக்கிட்ட நிரலுக்கு இல்லை.

பழைய பதிப்பையே கன்டெய்னரில் உறையவைத்து ஓட்டலாம் என்பர் சிலர். சாட்சியாக அது தேவைதான்: பழைய விடையை அங்கே பெற்றுப் புதிய விடையோடு ஒப்பிடலாம். ஒப்பிடாமல் உறையவைப்பது, பிழை இருந்தால் அதையும் சேர்த்தே உறையவைப்பதாகும். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, முந்தைய பதிப்புக்காகத் தொகுக்கப்பட்ட பல லைப்ரரிகளை ஏற்கவில்லை. இச்சிக்கல் பைத்தான் இரண்டோடு முடிந்துவிடவில்லை.

வேதியியல் ஆய்வகத்தின் தராசுக்கு அளவுத்திருத்தச் சான்று கேட்கிறோம். ஆய்வேட்டின் மின்படியைச் சோத்கங்காவில் சேர்க்கச் சொல்கிறோம். நிரலையும், லைப்ரரிகளின் பதிப்பெண்களையும், விடை தெரிந்த சில சோதனைகளையும் அதனோடு சேர்க்கக் கேட்பதற்கு மட்டும் ஏன் தயக்கம்? அவை இல்லாத ஆய்வேட்டில் நெறியாளர் இடும் கையொப்பம், தாம் சரிபார்க்காத கணக்குக்கு அவர் தரும் சான்றிதழே.