புதுத் தாதியர்க்கு ஒரு துணை

பரீட்சையில் தேறிப் பட்டம் பெற்று, கவுன்சிலில் பெயரும் பதிவான அன்றே ஒரு பெண் முழுத் தாதியாகி விடுகிறார் என்பது உலகோர் எண்ணம். சட்டத்தின் கண்ணில் அஃது உண்மையே; நோயாளியின் கட்டிலருகில் அது பாதியுண்மையே. நேற்றுவரை ஆசிரியை அருகிருக்கச் சில நோயாளரைப் பேணியவர், இன்று ஒரு வார்டு முழுவதற்கும் விடை கூற வேண்டியவராகிறார். ஒருவர்க்கு ஊசி போடும் வேளை. மற்றொருவர்க்கு டிரிப் நின்றுவிட்டது. மூன்றாமவர் வழக்கத்தினும் அதிகமாக உறங்குகிறார். இவற்றுள் அபாயம் எங்குள்ளது என்று ஒரு நொடியில் அறியும் கண், புத்தகத்தால் மட்டும் வாய்ப்பதன்று.

இவ்விடர்ப்பாடு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தாதியறிஞரான மார்லீன் கிரேமர் 1974-இல் இதனை ‘நடைமுறை அதிர்ச்சி’ என்னும் கருத்தால் விளக்கினார். தாதியின் திறமை அனுபவத்தால் ஐந்து படிகளில் வளர்கிறதென 1984-இல் பட்ரீசியா பென்னர் எடுத்துக் காட்டினார். முதற்படியில் நிற்பவரை ஐந்தாம் படியின் வேலைக்கு அனுப்புதல் முறையாகுமா?

நம் வேலூர் இவ்விஷயத்தில் பிறர்க்கு வழிகாட்டியுள்ளது. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய மருத்துவமனையில் 1909-இல் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. 1946-இல் சென்னைச் சர்வகலாசாலையின் பட்ட வகுப்பும் தொடங்கிற்று. கல்வி உயருந்தோறும் வகுப்பறையும் வார்டும் பிரிந்துபோகும் அபாயமும் உண்டு. அதனைத் தடுக்கும் பொருட்டு, கற்பிக்கும் ஆசிரியையரே வார்டு ஊழியத்திலும் பொறுப்பேற்கும் வழக்கம் அங்கே கைக்கொள்ளப்பட்டது. ஏட்டிற்கும் கட்டிலுக்கும் பாலமாவது மற்றொரு மனிதரே என்பதை அவ்வழக்கம் உணர்த்துகிறது.

ஆயினும் தாதியர் அனைவரும் பெரிய மருத்துவமனைகளிலேயே அமர்வதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் சிறு மருத்துவமனைகளிலும் பலர் பணியேற்கின்றனர். சுண்ணாம்பாலும் குரோமிய உப்பாலும் தோல் புண்பட்டவர், மூச்சிரைப்பால் வருந்துபவர், கழிவுத் தொட்டியின் நச்சுவாயுவால் மயங்கி வீழ்ந்தவர் ஆகிய தொழிலாளர் வரும் இடங்கள் அவை. நள்ளிரவில் அத்தகையோர் கொணரப்படுங்கால், சென்ற வாரம் வேலைக்கு வந்த பெண் தனித்து நிற்கலாமா? தோல் சீவும் இயந்திரத்தில் புது ஆளை முதல் நாளே தனியே விட எம்முதலாளியும் துணியார்; மேஸ்திரி அருகே நின்று கைபழக்குவார். ஒரு தோல் கெட்டாலும் நஷ்டமென அஞ்சும் நாம், மனித உயிர்க்கு அத்துணை அச்சமும் காட்டலாகாதா?

ஆதலின் நாம் வேண்டுவன நான்கு. முதல் ஆறு மாதம் புதுத் தாதியை டியூட்டிப் பட்டியலில் முழு ஆளாகக் கணக்கிடலாகாது. அனுபவமுள்ள தாதி ஒருவரை அவர்க்குத் துணையாக நியமித்து, அத்துணைவரின் வேலைச் சுமையையும் குறைத்தல் வேண்டும். முதல் மூன்று மாதம் இரவில் அவரைத் தனியே விடலாகாது. ‘தெரியவில்லை’ என்று கேட்பவரை எவரும் எள்ளலாகாது. கேட்க அஞ்சும் தாதியே நோயாளிக்குப் பெருந்தீங்கு.

2021-இல் வெளியான இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிகள், பட்டப்படிப்பின் இறுதிப் பருவத்தில் 22 வாரப் பயிற்சிப் பணியை வகுத்துள்ளனவே, அது போதாதோ எனச் சிலர் வினவலாம். அது நற்பயிற்சியே. ஆனால் அது மாணாக்கியாயிருந்து, பிறர் பொறுப்பில் செய்யும் பணி. தன் பொறுப்பில், புதிய இடத்தில், புதிய மருந்துப் பட்டியலோடு தொடங்கும் நாள் வேறு. சிறு மருத்துவமனைக்குச் செலவு தாங்காது என்பாருமுளர். மனமுடைந்து ஓராண்டில் விலகுபவர்க்குப் பதிலாக மற்றொருவரைத் தேடிப் பழக்குவதும் செலவன்றோ?

நம் பழைய மாணவருள் மருத்துவமனைக் கமிட்டிகளில் அமர்ந்திருப்போரும், தோல் வாணிகத்தில் செழித்திருப்போரும் இருத்தல் கூடும். கட்டடத்திற்கும் கருவிக்கும் மனமுவந்து ஈவோர், இனி ஒரு துணைத் தாதியின் ஆறு மாத ஊதியத்தையும் ஈய முன்வருவாராக. அக்கொடையில் பெயர்க்கல் இராது. எனினும், இரவில் பிழைத்த உயிர்கள் இருக்கும்.