மூலிகைக் களிம்பில் மறைந்திருப்பது

முகத்தில் வரும் நாள்பட்ட எக்சிமாவுக்கு மருத்துவம் தேடுவோர் பெரும்பாலும் அவசரத்தில் இருப்பவர்கள். கையிலோ முதுகிலோ உள்ள சிவப்பையும் செதிலையும் ஆடையால் மறைக்கலாம். முகத்தை மறைக்க இயலாது. 'கட்டுப்படுத்தலாம், முற்றிலும் நீக்க இயலாது' என்று தோல் மருத்துவர் கூறக் கேட்டுச் சலித்தவருக்கு, நோயின் வேரைக் களைவதாகச் சொல்லும் சீனப் பாரம்பரிய மருத்துவம் நம்பிக்கை அளிப்பதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கை அடிப்படையற்றது என்றும் சொல்வதற்கில்லை. லண்டன் சைனாடவுனில் மூலிகைக் கஷாயம் குடித்த எக்சிமா நோயாளிகள் தேறியதைக் கண்ட ஆங்கிலேயத் தோல் மருத்துவர்கள், பத்து மூலிகைகள் கொண்ட கலவையை முறைப்படி சோதித்தனர். 40 பேரிடம் நடந்த அச்சோதனை 1992-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. போலி மருந்தைவிடக் கஷாயம் நன்கு வேலை செய்திருந்தது. ஆனால், 1999-இல் ஹாங்காங்கில் அதே கலவை அத்தகைய பலனைத் தரவில்லை. 28 ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் உறுதியான சான்று இல்லை என்றே கூறியது. ஆக, வழக்கு இன்னும் முடியவில்லை.

என் கவலை வேறு. அதே 1999-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையினர், தோல் நோயாளிகள் சீன மூலிகைக் களிம்பு என்று பெற்றுப் பயன்படுத்திய 11 களிம்புகளைப் பகுப்பாய்வு செய்தனர். எட்டில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இருந்தது. அதுவும் முகத்துக்குப் பொருந்தாத அளவில்.

வாங்குபவர் தரத்தை அறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று பழைய கார்களை உதாரணம் காட்டி 1970-இல் விளக்கினார் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப். இங்கே நிலைமை அதனினும் மோசம். பழுதான கார் வழியில் நின்றுவிடும், குட்டு வெளிப்படும். கலப்படக் களிம்போ தொடக்கத்தில் மிகச் சிறப்பாக வேலை செய்யும். சில நாள்களில் சிவப்பு தணியும், அண்டை வீட்டாருக்கும் பரிந்துரை போகும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், நுண்குருதிக் குழாய்கள் வெளியே தெரியும். நிறுத்தினாலோ அழற்சி சீறி எழும். பழைய நோய்தான் திரும்பியது என்றெண்ணி நோயாளி அடுத்த குப்பியை வாங்குவார். 'மூன்று மாதம் பொறுங்கள்' என்று சொல்லும் நேர்மையான சீன வைத்தியர் அவரை இழந்துவிடுவார்.

சீனா 2017-இல் நடைமுறைப்படுத்திய பாரம்பரிய மருத்துவச் சட்டம், தொன்மையான செந்நெறிக் கலவைகள் சிலவற்றுக்கு மனிதரிடம் நடத்தும் மருத்துவச் சோதனையிலிருந்து விலக்களிக்கிறது. பலன் உண்டா என்பதில் மரபின் சாட்சியத்தை ஏற்பதா என்று வாதிடலாம். ஆனால், குப்பிக்குள் ஸ்டீராய்டு இருக்கிறதா என்பது வேதியியல் கேள்வி. அதற்கு விடை காண யின்-யாங் தத்துவத்தை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். கடைகளிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்து, முடிவைப் பெயருடன் வெளியிட்டால் போதும். நேர்மையான வைத்தியருக்கே அது முதல் லாபம்.

ஏற்கெனவே இத்தகைய களிம்பைத் தடவி வருபவர், அது சில நாள்களிலேயே முகத்தைத் தெளிவாக்கியிருந்தால் ஐயுற வேண்டும். குப்பியை எறிந்துவிடாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லட்டும். எப்படி நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.