கூட்டக் குறிப்பை யார் எழுதுவது?



கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கை நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெரும்பகுதி, அவர்கள் வளாகத்துப் பொங்கல் விழாவைப் பற்றியது. கோலம், பானை, காய்கறி நறுக்குவது பெண்கள். பந்தலும் மைக்கும் ஆண்கள். விழாக் குழுத் தலைவர் எல்லா வருஷமும் பையன், செயலாளர் எல்லா வருஷமும் பெண். "ஏன்னு கேட்டேன். பொண்ணுங்க கையெழுத்து அழகா இருக்கும்னாங்க. கூட்டக் குறிப்பை மடிக்கணினியிலதானே அடிக்கிறோம் ஐயா?" என்று கேட்கிறார். சிரித்துவிட்டேன். கடைசிப் பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது. இதைக் கூட்டத்தில் சொன்னதும் "பெண்ணியவாதி வந்துட்டாங்க" என்று ஒருவர் கிண்டலடிக்க, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் வாய் திறப்பதில்லையாம்.

பெண்ணியம் கோலாலம்பூர்ச் சரக்கு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்கு 1941-ஐ நினைவுபடுத்துகிறேன். கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்ற தோட்டங்களுக்கும் பரவியது. கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது. அதே பட்டியலில், தோட்டத்துப் பெண்களிடம் துரைமாரும் மேலாட்களும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. 'பொம்பளைங்க விவகாரம்' என்று அதை ஒதுக்கி வைக்கவில்லை. போராட்டத்தில் முன்னின்ற ஆர்.எச். நாதனை ஆங்கிலேய அரசாங்கம் கைது செய்து நாடு கடத்தியது.

போருக்கு முந்திய அந்தக் காலத்தில் தோட்ட நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசாங்கமே வகுத்திருந்தது. ரப்பர்ப் பால் வாளி இருவருக்கும் ஒரே கனம்தான். பள்ளிக்கூடத்திலும் அதே கதை: ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஆசிரியைக்குக் குறைந்த சம்பளம். பதின்ம வயதில் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், 1960-களில் பெண் ஆசிரியர்களைச் சங்கமாகத் திரட்டி இதைத்தான் எதிர்த்தார். 1969-இல் அரசு ஊழியத்தில் சம சம்பளம் வந்தது. இன்று ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நம் பெண்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இன்று அரசுப் பல்கலைக்கழகங்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் நாட்டின் வேலைக் கணக்கைப் பாருங்கள்: ஆண்களில் 100-க்கு 82 பேருக்கு மேல் உழைப்பாளர் கணக்கில் வருகிறார்கள், பெண்களில் ஏறத்தாழ 56 பேர்தான். பட்டம் வாங்கிய பெண் எங்கே போனார்? சமையல், பிள்ளை, மாமனார் மாமியார் என்று பதில் நமக்கே தெரியும். கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்னால், பையன்களும் பெண்களும் சரிசமமாக உட்கார்ந்து இதைப் பேச வாய்க்கும் இடம் கல்லூரிதான்.

பேசுவது என்றால் மகளிர் தினப் பட்டிமன்றத்தைச் சொல்லவில்லை. குடும்பத்துக்கு அதிகம் உழைப்பது ஆணா பெண்ணா என்று ஒரு மணி நேரம் வாதாடி, நடுவர் 'இருவரும்தான்' என்று தீர்ப்புச் சொல்ல, கைதட்டிவிட்டு மீகூன் சாப்பிடப் போய்விடுவோம். அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. கேன்டீன் மேசையில் ஏழெட்டுப் பேர் போதும். விடுதிக்கு வீட்டிலிருந்து வரும் போன் தங்கைக்கு மட்டும் ஏன் தினமும் வருகிறது என்பதில் தொடங்கலாம். பையன்கள் தங்கள் பக்கத்தையும் சொல்லட்டும். அழுதால் 'பொட்டை' என்று பேர் வாங்கியவர்கள் அவர்களில் உண்டு.

இன்னொன்றையும் மாணவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் நம் நாடாளுமன்றம் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அமைந்த தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் வைக்காமலே புகார் கொடுக்கலாம். 250,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு.

கடிதம் எழுதிய தங்கைக்குத் தனியாகப் பதில் போட்டிருக்கிறேன். மற்றவர்களும் எழுதுங்கள், தம்பிகள் உட்பட. பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு நின்ற பாட்டி வீட்டில் இருந்தால், தன் சம்பளத்தை அவரே கையில் வாங்கினாரா, தாத்தா வாங்கினாரா என்று கேட்டு அதையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்