காலிக் கட்டத்துக்கு ‘இல்லை’ என்று பொருளில்லை

“நான் ஒரு நாள்கூட லீவு போடலையே தம்பி, எனக்கு மட்டும் ஏன் பணம் வரல?” திருத்தணி பக்கத்துக் கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில் ஒரு அக்கா என்னை மறித்துக் கேட்டார். அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில்தான் நானும் கணினிப் பிரிவில் இருந்தேன். அந்த ஊக்கத்தொகைப் பட்டியலை எடுத்தவன் நான்.

வருடத்தில் பத்து நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தவர்களுக்குத் தொகை கிடையாது. இவ்வளவுதான் விதி. ‘விடுப்பு பத்து அல்லது அதற்குக் கீழே’ என்று தரவுத்தளத்தைக் கேட்டேன். விடுப்பே எடுக்காதவர்களுக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடாமல் காலியாக விட்டிருந்தார்கள். எஸ்.க்யூ.எல். மொழியில் காலிக் கட்டத்துக்கு ‘நல்’ என்று பெயர். அது பத்தைவிடக் குறைவா என்று கேட்டால் ஆமாம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. ‘தெரியாது’ என்றுதான் வரும். அப்படி வந்த வரிகளைக் கணினி சத்தமில்லாமல் விட்டுவிடும். வருடம் முழுக்க ஓயாமல் உழைத்தவர்கள்தான் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். மறுமாதம் பணம் கொடுத்துவிட்டோம். ஆனால் திரையில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இதைவிடப் பெரிய பள்ளமும் உண்டு. ‘இந்தப் பட்டியலில் இல்லாதவர்களைக் கொடு’ என்று ‘நாட் இன்’ போட்டுக் கேட்கும்போது, அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் காலியாக இருந்தாலும் போதும், ஒருவர்கூட வரமாட்டார். அந்தக் காலியிடம் இவருடைய எண்ணாகவும் இருக்கலாமே என்று கணினி ஒவ்வொருவரிடமும் தயங்கி நின்றுவிடும். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று எழுதினால் தப்பிக்கலாம்.

கணினிக்காரர்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதுமான விஷயம் இல்லை இது. அரசு நலத்திட்டங்களுக்கும் பதிவேடுகளைப் பார்த்துத்தான் ஆள் தேர்வு செய்கிறார்கள். தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது, சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களிலிருந்து 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், கார், டிராக்டர் இருக்கக் கூடாது என்று அப்போது விதிகள் இருந்தன. மேல்முறையீட்டுக்கு 30 நாள் கொடுத்து, கோட்டாட்சியரை அதற்குப் பொறுப்பாக்கியது நல்ல ஏற்பாடு. நான் கேட்பது, விஷயம் மேல்முறையீடு வரை போவதற்கு முன்பே நடக்க வேண்டியது.

எங்கள் பக்கம் ஒரு பதிவேடு இன்னொன்றோடு ஒட்டுவது சிரமம். திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்ததே 1960 ஏப்ரல் 1 அன்றுதான். தெலுங்கு பேசும் வீட்டில் முனெம்மா, அட்டையில் முனியம்மாள். வாடகைக்கு இருப்பவரின் மின் இணைப்பு வீட்டுக்காரர் பேரில். விற்றுவிட்ட டிராக்டர் இன்னும் பழைய பேரில். இப்படிப்பட்ட வரிகள் தகுதிக்குள்ளும் வராது, தகுதியின்மைக்குள்ளும் வராது.

அதனால் எந்த நலத்திட்டமானாலும் மூன்று பட்டியல் வேண்டும்: தகுதி உள்ளவர், இல்லாதவர், தகவல் போதாதவர். மூன்றையும் கூட்டினால் வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கைக்குச் சரியாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ஒருவர் யாரென்று தேட வேண்டும். மூன்றாவது பட்டியலின் பெயர்களை மட்டும் அக்டோபர் 2 கிராம சபையில் வாசியுங்கள். “முனியம்மாள் யாரு?” என்று கேட்டால், பின்வரிசையிலிருந்து யாராவது சொல்வார்கள்: “நம்ம முனெம்மாதான் சார், அதோ உட்கார்ந்திருக்கு.”