அயல்நிலத்தில் நீல முள்ளெலி

ஒரு படைப்பில் பிறந்த பாத்திரம் வேறொருவரின் படைப்புக்குள் அடியெடுத்து வைக்கும்போது, அது அதே பாத்திரமாகத்தான் இருக்கிறதா? இலக்கிய மாணாக்கருக்கு இவ்வினா புதிதன்று. காப்பிய மாந்தர் கூத்துக்கும் நாடகத்துக்கும் திரைக்கும் பெயர்ந்தபோதெல்லாம் நாம் இதை எழுப்பியிருக்கிறோம். வீடியோ விளையாட்டு என்றதும் மட்டும் கூசி நின்றுவிடுகிறோம்; பிள்ளைகளின் பொழுதுபோக்கு, வணிகப் பண்டம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அவ்வொதுக்கல் முறையன்று என்பதே நம் கருத்து. சான்றுக்கு, சேகா நிறுவனத்தின் அடையாளச் சின்னமான சோனிக் என்னும் நீல முள்ளெலியை எடுத்துக்கொள்வோம்.

1991இல் மெகா டிரைவ் கருவிக்கான விளையாட்டில் சோனிக் தோன்றினான். உருவம் தீட்டியவர் நவோட்டோ ஓஷிமா. நிரல் எழுதியவர் யூஜி நாக்கா. களங்களை வகுத்தவர் ஹிரோகாசு யாசுஹாரா. நின்டெண்டோவின் மாரியோவுக்கு எதிராக நிறுத்தவென்றே படைக்கப்பட்டவன் அவன். மாரியோ அளந்து தாவுபவன்; சோனிக்கோ சரிவுகளில் உருண்டு விரைபவன். ஆடுபவர் சிறிது நேரம் வாளாவிருந்தால், காலைத் தட்டித் தன் பொறுமையின்மையைக் காட்டுவான். அவன் இயல்பு முழுவதும் அந்தக் கால்தட்டலில் அடங்கியிருக்கிறது.

போட்டியாளரின் மண்ணில் அவனுக்குக் கிடைத்த முதல் இடம் மதிப்பானதன்று. 1995இல் வெளிவந்த 'டாங்கி காங் கன்ட்ரி 2' விளையாட்டின் ஒரு காட்சியில் மாரியோ முதலியோர் மேடைமேல் நிற்கின்றனர். ஒதுக்குப்புறத்தில் ஒரு குப்பைத்தொட்டி. அதனருகே சோனிக்கின் காலணிகள். தேறாதவர்கள் என்று பொருள்படும் ஓர் அறிவிப்பு. நம் பழம்புலவர்களின் வசைக்கு ஒப்பான எள்ளல் இது. 2001இல் சேகா கருவித் தயாரிப்பைக் கைவிட்டது. அவ்வாண்டிலேயே சோனிக் நின்டெண்டோவின் கருவியில் ஓடத் தொடங்கினான். பகைவன் விருந்தினன் ஆனான்.

இந்த விருந்தை மதிப்பிட நம்மிடமே ஓர் அளவுகோல் உண்டு. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் மற்றொரு நிலத்தில் தோன்றினால், அவை வந்த நிலத்துக்குரியனவாகவே கொள்ளப்படும் என்கிறார் தொல்காப்பியர். உரிப்பொருள் அல்லாதவையே மயங்கப்பெறும் என்றும் வரையறுக்கிறார். அகத்திணைக்குச் சொன்ன விதியைப் பொம்மை விளையாட்டின்மேல் ஏற்றுவதா என்று சிலர் சினக்கலாம். ஆயினும் கலைப்பார்வை என்ற அளவில் இவ்விதி இங்கு வியக்கத்தக்கவாறு பொருந்துகிறது. களம், நிறம், துணை மாந்தர், வெற்றி தோல்வி விதிகள் ஆகியவை மாறலாம். சோனிக்கின் உரிப்பொருளாகிய விரைவு மாறலாகாது.

இவ்வளவுகோலால் நோக்கினால், 2007இல் வந்த 'மாரியோ அண்ட் சோனிக் அட் தி ஒலிம்பிக் கேம்ஸ்' ஓர் ஏமாற்றமே. இரு பகைவரும் ஒரே விளையாட்டில் முதன்முறையாகச் சேர்ந்தனர். வரலாற்றுச் சிறப்பு அதற்கு உண்டு. ஆனால் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஆடுபவர் விரைந்து கையசைத்தால் மாரியோவும் சோனிக்கை முந்திவிடலாம். போட்டி என்றால் சமவாய்ப்பு வேண்டாவா என்பர். வேண்டும்தான். ஆனால் எவரும் முந்தக்கூடிய ஓட்டத்தில் சோனிக்கின் சட்டையை அணிந்த யாரோ ஒருவர்தாம் ஓடுகிறார்.

மறு ஆண்டே இதற்கு விடை கிடைத்தது. மசாஹிரோ சகுராய் இயக்கிய 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்' 2008இல் வெளிவந்தது. அடிபட்டால் பொன்வளையங்கள் சிதற, உயிர் பிழைப்பது சோனிக்கின் சொந்த உலகின் நெறி. இங்கு அந்நெறி இல்லை. களத்துக்கு வெளியே எறியப்பட்டவன் தோற்பான் என்னும் அந்நிலத்து விதிக்கு அவனும் கட்டுப்படுகிறான். ஆனால் ஓட்டத்தில் அவனை விஞ்ச அங்கு எவரும் இலர். சமன் செய்வதற்கு அவன் கால்களைக் கட்டவில்லை. அடிகளின் வலுவையே குறைத்தனர். கதைப்பகுதியிலும் இறுதிவரை வராதவன், கடைசிப் போரில் மின்னலெனப் பாய்ந்து, பெரும்பகைவன் தபுவின் சிறகுகளைச் சிதைக்கிறான். அயலார் எழுதிய கதையில் அவனன்றி வேறு எவரும் செய்தற்கு இயலாத ஒரு செயல் அவனுக்கென ஒதுக்கப்பட்டது. விருந்தோம்பல் என்பது இதுவே.

டிஸ்னியின் படங்களில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 2012இல் வந்த 'ரெக்-இட் ரால்ஃப்' படத்தில் சோனிக் ஓர் அறிவிப்புத் திரையில் தோன்றி, தன் விளையாட்டுக்கு வெளியே இறப்பவர் மீண்டும் உயிர்பெறார் என்று எச்சரிக்கிறான். அயற்படத்துக்கு வந்திருக்கும் பாத்திரத்தின் வாயிலாகவே இவ்வெச்சரிக்கையை வைத்தது கூரிய நகைச்சுவை. 2022இல் வந்த 'சிப் அண்ட் டேல்: ரெஸ்க்யூ ரேஞ்சர்ஸ்' படம் அவ்வெச்சரிக்கைக்கு உரை எழுதியதுபோல் அமைந்தது. சோனிக்கின் சொந்தத் திரைப்படத்துக்கான முன்னோட்டம் 2019இல் வந்தபோது, மனிதப் பற்களோடு கூடிய அவன் தோற்றத்தை மக்கள் வெறுத்தனர். தயாரிப்பாளர்கள் அதை மாற்றி 2020இல் படத்தை வெளியிட்டனர். கைவிடப்பட்ட அத்தோற்றமே டிஸ்னி படத்தில் வாய்ப்பிழந்த நடிகனாக வருகிறது. பெயர் உண்டு, நீல நிறம் உண்டு. விரைவு மட்டும் இல்லை. உரிப்பொருள் நீங்கிய பாத்திரத்தின் அவலத்தை அறிந்தே சிரிக்கிறது அப்படம்.

2007க்குள் ஓஷிமா, நாக்கா, யாசுஹாரா மூவரும் சேகாவை விட்டு விலகியிருந்தனர். தாம் பெற்ற பிள்ளை எந்த வீட்டுக்கு விருந்து செல்வது என்பதை அதன்பின் ஒப்பந்தங்களே முடிவு செய்தன. உரிமை நிறுவனத்திடம் இருக்கலாம். ஆனால் 'இவன் எங்கள் சோனிக் அல்லன்' என்று 2019இல் சொன்னவர்கள் ஆடிப் பழகியவர்களும் பார்த்துப் பழகியவர்களுமே. நம் காப்பிய மாந்தரையும் நெடுங்காலம் காத்தவர்கள் அத்தகையோர்தாம். அவர்கள் பேச்சைப் பிள்ளைகளின் கூச்சல் என்று தள்ளாமல், பாத்திரத் திறனாய்வு என்றே நாம் கேட்கப் பழக வேண்டும்.